கேகாலையில் செத்தவர்களும் அனுராதபுரத்தில் தப்பியவர்களும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்து ஆறுதலாக வாசியுங்கள்.

சில கிழமைகளாக நமது ஊர் வட்சப் குழுமங்களில் ஒரு குரல்பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து ஆட்களுக்கு மலேரியா வந்தாலும் ஒன்றும் செய்யவில்லையாம். உடம்பிலேயே எதிர்ப்புச் சக்தி இருந்ததாம். ஆகவே கல் வியாபாரத்துக்கு ஆபிரிக்கா போகிற பிள்ளைகளுக்கு மாத்திரை தேவையில்லையாம், கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்தால் போதுமாம். பேசுகிறவர் யார் என்று தெரியவில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு இரண்டு பெற்றோர் நம்மிடம் விளக்கம் கேட்டு வந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறோம்.

மலேரியாவுக்கு எதிராக உடம்பில் ஒரு சக்தி உண்டாவது உண்மைதான். அது யாருக்கு உண்டாகும், என்ன விலை கொடுத்தால் உண்டாகும், எத்தனை நாள் நிற்கும் என்பதை இந்த நாடு முழுவதும் சேர்ந்து ஒருமுறை பார்த்திருக்கிறது. 1934ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலும் 1935இலும்.

அந்த ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. நமது மலைகளில் பிறந்து கீழே இறங்குகிற ஆறுகள் வற்றின. மகாவலி, களனி கங்கை, மகா ஓயா, தெதுரு ஓயா எல்லாம் ஓடுவதை நிறுத்தி, மணலுக்கும் பாறைக்கும் இடையில் குட்டைகளாகத் தேங்கின. வழக்கமாக அந்த ஆறுகளில் வெள்ளம் வந்து நுளம்புக் குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடும். இலங்கையில் மலேரியாவைப் பரப்புகிற முக்கிய நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ். அதற்கு வேண்டியது சாக்கடை அல்ல. வெயில் படுகிற தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். வற்றிய ஆற்றுப் படுகையைவிட அதற்கு நல்ல இடம் வேறு இல்லை. ஈரவலயத்தில் ஆற்றோரமாகக் குடியிருந்த கிராமத்து மக்கள், தங்கள் ஆறே தங்களுக்கு எதிரியாகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஒக்டோபரில் காய்ச்சல் தொடங்கியது. டிசம்பரிலும் ஜனவரியிலும் உச்சம். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள்தான் அதிகம் அடிபட்டன. நாட்டின் மொத்தச் சனத்தொகை அப்போது ஏறக்குறைய 55 இலட்சம். அதில் 15 இலட்சம் பேர் வரை நோயில் விழுந்தார்கள், ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். பாடசாலைக் கட்டிடங்கள் தற்காலிக ஆஸ்பத்திரிகளாயின. ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் தண்ணீர் சூடாக்கிக் கொடுக்கவும் ஆள் இல்லை. 1935இல் உயிருடன் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 263 பேர் ஒரு வயதை எட்டுமுன் இறந்தார்கள். நாலில் ஒன்றுக்கு மேல். நாம் வகுப்பில் விகிதம் படிப்பிக்கும்போது எத்தனையோ எண்களை எழுதுகிறோம். இந்த எண்ணை எழுதினால் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மலேரியாவின் சொந்த வீடு கேகாலை அல்ல. அனுராதபுரம், வன்னி, மட்டக்களப்புப் பக்கம் என்று உலர்வலயம்தான் அதன் வீடு. நூற்றாண்டுக் கணக்கில் அங்கே காய்ச்சல் ஓயாமல் இருந்தது. அப்படியானால் கொள்ளைநோய் வந்தபோது அங்கேதான் அதிகம் பேர் செத்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். உலர்வலயத்தில் சாவு பெரிதாகக் கூடவில்லை. நோய் அவ்வளவாகப் பழக்கமில்லாத, பசுமையான, ஆறு ஓடுகிற கேகாலையில்தான் பிணம் விழுந்தது. உலர்வலயத்தில் வரட்சியால் நுளம்பு பெருக இடம் குறைந்ததும் ஒரு காரணம். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அன்று விசாரித்த வைத்தியர்கள் கண்ட இன்னொரு காரணம்தான் நமக்கு இங்கே முக்கியம். உலர்வலயத்து வளர்ந்தவர்களின் உடம்பு இந்தக் கிருமியை ஏற்கெனவே பலமுறை சந்தித்திருந்தது. கேகாலைக்காரர் உடம்பு அதைச் சந்தித்ததே அபூர்வம். கொள்ளைநோயை ஆராய இந்தியாவிலிருந்து வந்த கேணல் கில் பஞ்சாப் மாகாணத்தில் மலேரியாவோடு பல வருடம் மாரடித்தவர். மழை, பசி, மக்களின் எதிர்ப்புச் சக்தி மூன்றும் சேர்ந்துதான் கொள்ளைநோயைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் அங்கேயே கண்ட பாடம்.

உடம்பு சந்திப்பது என்றால் என்ன? இதைப் புரிய, நுளம்பு கடித்த நிமிடத்திலிருந்து பார்க்க வேண்டும்.

நுளம்பின் உமிழ்நீரோடு ஊசி போன்ற சில கிருமிகள் உள்ளே போகின்றன. ஒரு மணித்தியாலத்துக்குள் அவை ஈரலுக்குப் போய் ஒளிந்துவிடும். அங்கே ஒரு கிழமைக்கு மேல் சத்தமில்லாமல் பெருகும். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, ஆளுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஈரல் கலம் வெடித்து ஆயிரக்கணக்கான கிருமிகள் குருதியில் இறங்கிச் செங்குழியங்களுக்குள் புகுந்துகொள்ளும். இந்த இடத்தில் அதன் கெட்டித்தனத்தைக் கவனியுங்கள். நம் உடம்பின் மற்றக் கலங்களுக்குள் எதிரி புகுந்தால், அந்தக் கலம் தன் மேற்பரப்பில் எதிரியின் ஒரு துண்டை எடுத்துக் காட்டும். ரோந்து போகிற வெண்குழியம் அதைப் பார்த்து அந்தக் கலத்தையே கொன்றுவிடும். முதிர்ந்த செங்குழியத்துக்குக் கரு இல்லை, இப்படிக் காட்டுகிற ஏற்பாடும் இல்லை. கதவு ஜன்னல் எல்லாம் பூட்டிய வீட்டுக்குள் திருடன் இருப்பது போல. பக்கத்தால் போகிற பொலிசுக்குத் தெரியாது.

நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை செங்குழியங்கள் ஒன்றாக வெடிக்கும். புதுக் கிருமிகளோடு அவற்றின் கழிவும் குருதியில் கொட்டும். அப்போதுதான் உடம்பு விழித்துக்கொள்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற முறைக்காய்ச்சல் என்று நமது பெரியவர்கள் சொன்னது இதைத்தான். பல் கிட்டிக்கொள்கிற நடுக்கம், அதன் பிறகு நெருப்புச் சூடு, அதன் பிறகு உடுப்பு நனைய வியர்வை.

இந்த நடுக்கத்தைச் செய்வது கிருமியா, நமது உடம்பா? இதற்கு விடை தந்தவர்களில் நமது நாட்டு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேராசிரியர் கமினி மென்டிஸும் பேராசிரியர் நதீரா கருணாவீரவும் மற்றவர்களும் சேர்ந்து, மலேரியாக் காய்ச்சல் ஏறி இறங்குகிற நேரத்தில் நோயாளிகளின் குருதியை அடுத்தடுத்து எடுத்துச் சோதித்தார்கள். வெண்குழியங்கள் சுரக்கிற டி.என்.எப். என்ற பொருளின் அளவும் உடம்புச் சூடும் ஒன்றையொன்று ஒட்டியே ஏறி இறங்குவதைக் கண்டார்கள். 1992இல் அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் அது வெளிவந்தது. காய்ச்சல் என்பது நமது படையே மூட்டுகிற நெருப்பு என்று அதிலிருந்து விளங்குகிறது. அந்த நெருப்பு கிருமியைக் கொஞ்சம் பொசுக்கும். அளவு மீறினால் வீட்டையும் எரிக்கும். பல்சிபாரம் வகை மலேரியாவில் கிருமி புகுந்த செங்குழியங்கள் மூளையின் மெல்லிய குழாய்களில் ஒட்டி அடைத்துக்கொண்டு, அதோடு இந்த நெருப்பும் சேர்ந்தால், பிள்ளை ஒன்றிரண்டு நாளில் மயங்கிப் போய்விடும்.

முதல்முறை நோய் வந்தவரின் உடம்பில் நெருப்பு மட்டும்தான் இருக்கிறது, குறிபார்த்து அடிக்கத் தெரிந்த ஆயுதம் இன்னும் இல்லை. அந்த ஆயுதம்தான் பிறபொருளெதிரி. தரம் 11 பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியும். சின்னம்மை ஒருமுறை வந்தால் அநேகமாக வாழ்நாளுக்கும் போதும்; உடம்பு அந்த முகத்தை மறக்காது. மலேரியாக் கிருமி அப்படி இருக்க விடுவதில்லை. தான் குடியிருக்கிற செங்குழியத்தின் மேல் அது ஒரு புரதத்தை நீட்டிவைக்கிறது. அந்தப் புரதத்துக்கு ஏறக்குறைய 60 வேறு வேறு உடுப்புகளைத் தைக்கிற மரபணுக்கள் பல்சிபாரத்திடம் உண்டு. உடம்பு ஓர் உடுப்பை அடையாளம் கண்டு ஆயுதம் செய்து முடிக்கிற நேரத்தில், கூட்டத்தில் சில கிருமிகள் அடுத்த உடுப்புக்கு மாறியிருக்கும். பக்கத்து ஊர்க் கிருமியிடம் இன்னொரு பெட்டி உடுப்பு இருக்கும்.

ஆகவே ஒருமுறை, இரண்டு முறை நோய் வந்தால் போதாது. வருடக் கணக்கில், திரும்பத் திரும்பக் கடிபட்டு, திரும்பத் திரும்பக் காய்ந்து, ஒவ்வோர் உடுப்பாக உடம்பு படித்து முடிக்க வேண்டும். அப்படிப் படித்து முடித்தவரின் குருதியில் கிருமி அடியோடு இல்லாமல் போவதும் இல்லை. கொஞ்சம் இருக்கும். ஆனால் ஆள் எழும்பி வயலுக்குப் போவார். உலர்வலயத்து வளர்ந்தவர்களின் நிலை இதுதான். நமது வட்சப் பேச்சாளர் கண்டது இந்த மனிதரைத்தான். அவருடன் பிறந்தவர்களில் எத்தனை பேர் ஐந்து வயதுக்கு முன் செத்தார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை.

மண்ணீரலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கெட்டுப்போன செங்குழியங்களை வடித்து எடுக்கிற சல்லடை அது. திரும்பத் திரும்ப மலேரியா வந்தால் அந்தச் சல்லடை வேலை மிகுந்து வீங்கும். அக்காலத்து வைத்தியர்கள் ஒரு கிராமத்தில் மலேரியா எவ்வளவு என்று அறிய நுணுக்குக்காட்டியைத் தேடவில்லை. பாடசாலைக்குப் போய்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்ப்பார்கள். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுகிறதோ அதுதான் அந்த ஊரின் கணக்கு. உலர்வலயப் பிள்ளைகளின் ஊதிய வயிறு, அவர்கள் கட்டிய பள்ளிக்கூடக் கட்டணம் என்று நாம் சொல்வதுண்டு.

இந்தச் சக்தி பிறபொருளெதிரியில்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? 1961இல் கம்பியா நாட்டில் கோஹன், மக்கிரெகர் என்ற ஆய்வாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். மலேரியாவோடு வளர்ந்து பெரியவர்களான ஆட்களின் குருதியிலிருந்து பிறபொருளெதிரி உள்ள பகுதியை மட்டும் பிரித்து, மலேரியாவில் கிடந்த சிறுபிள்ளைகளுக்கு ஏற்றினார்கள். சில நாட்களில் பிள்ளைகளின் குருதியில் கிருமி மளமளவென்று குறைந்தது. பெரியவர் வருடக் கணக்கில் பட்ட பாட்டின் பலனை ஊசியில் எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்த மாதிரி.

இதே வேலையை ஊசி இல்லாமல் செய்கிறவள் தாய். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய பிறபொருளெதிரி தொப்புள்கொடி வழியாகப் போய்ச் சேரும். மலேரியா ஊரில் பிறக்கிற குழந்தைக்கு முதல் சில மாதங்கள் கடுமையான நோய் குறைவாக வருவதற்கு அது ஒரு காரணம். இப்போது அந்த 263 என்ற எண்ணைத் திரும்பப் பாருங்கள். கேகாலைத் தாய்மாரிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர்களே முதல்முறையாகக் கிருமியைச் சந்தித்துக்கொண்டிருந்தார்கள். பசி வேறு. தாய் காய்ச்சலில் கிடந்தால் பாலும் வற்றும், வயிற்றில் இருக்கிற பிள்ளையும் காலத்துக்கு முன் பிறந்துவிடும். அத்தனைக்கும் சேர்த்துத்தான் அந்த எண்.

பசியைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறு. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் இறப்பரும் தெங்கும் விலை போகவில்லை. கேகாலை, குருநாகல் மக்கள் பலருக்கு அதுதான் சம்பாத்தியம். அதன் மேல் வரட்சி. நெல் இல்லை. சத்தில்லாத உடம்பில் எந்தப் படையும் நின்று சண்டை பிடிக்காது. அரசாங்கம் கொய்னா கொடுத்தது. பல இடங்களில் கொய்னாவோடு சோறும் வேண்டியிருந்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் கலாநிதி என். எம். பெரேராவும் அவர்களில் இருந்தார்கள். மருந்தோடு பருப்பும் பங்கிட்டபடியால் என். எம். பெரேராவுக்கு 'பருப்பு மாத்தையா' என்று பெயர் விழுந்தது. சத்துக் குறைந்தவர்களுக்கு மாமைட்டும் கொடுத்தார்கள். இன்று நாம் பாணில் பூசிச் சாப்பிடுகிற அதே மாமைட்தான். 1935 டிசம்பரில் அவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள்; 1936இல் என். எம். பெரேரா ருவான்வெல்லத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். கேகாலை மாவட்டத்துக்காரர்கள் பருப்பை மறக்கவில்லை.

சரி, அந்த நேரம் நமது மலை எப்படி இருந்தது? நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வருடச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. மலேரியாக் கிருமி நுளம்பின் வயிற்றில் முதிர்ச்சி அடைவதற்குச் சூடு வேண்டும். பல்சிபாரத்துக்கு 18 பாகையாவது வேண்டும். அதைவிடக் குளிரானால் கிருமி முதிருமுன் நுளம்பு செத்துவிடும். நமது பெரியவர்கள் 'மலைக்காற்றுக்குக் காய்ச்சல் நிற்காது' என்று சொல்வதில் இந்த அளவுக்கு விஞ்ஞானம் இருக்கிறது. வெள்ளைக்காரர் இங்கே வந்து பங்களா கட்டி உடம்பைத் தேற்றிக்கொண்டதும் இந்தக் குளிருக்காகத்தான். கீழே இறப்பர்த் தோட்டங்களில் அப்படியில்லை, அங்கே தொழிலாளரும் காய்ச்சலில் விழுந்தார்கள். ஆனால் தோட்டத்தில் டிஸ்பென்சரி என்று ஒன்று இருந்தது, அரிசி கொடுக்கிற ஒழுங்கு இருந்தது. கிராமத்தானுக்கு அது இல்லை. இதைத் துரைமாரின் தயவு என்று எழுதிவைத்தவர்கள் உண்டு. ஆள் படுத்துவிட்டால் கொழுந்து எடுக்கவும் பால் வெட்டவும் ஆளில்லை என்ற கணக்கு என்றே நாம் நினைக்கிறோம்.

மலையில் மலேரியா இல்லை என்பது நமது ஆட்களுக்கு ஒரு கண்ணியாகவும் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டு வழியாக, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். கோப்பிக் காலத்தில் அந்த வழியில் வாந்திபேதி, அம்மை, பட்டினி, காட்டுக்காய்ச்சல் எல்லாம் ஆட்களை வாரிக்கொண்டு போயின. ஊரில் கொஞ்சம் பழகியிருந்த உடம்பும், வன்னிக் கிருமியின் புது உடுப்பைப் பார்த்துத் தடுமாறத்தான் செய்யும். தப்பி மலைக்கு வந்து சேர்ந்தவர் இங்கே வருடக் கணக்கில் நுளம்புக் கடி இல்லாமல் இருந்தால், இருந்த சக்தியும் தேய்ந்துவிடும். இந்தச் சக்திக்கு ஒரு சுபாவம் உண்டு, கடிபட்டுக்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும். இங்கே பிறந்த பிள்ளைக்கு அது தொடக்கத்திலேயே இல்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. அங்கே பக்கத்து வீட்டு வன்னிக்காரர் ஒரு நாள் படுத்து எழும்புகிற காய்ச்சலில், நமது ஆட்கள் கிழமைக் கணக்கில் கிடந்ததை அவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறோம். மகாவலித் திட்டத்தில் ஈரவலயத்திலிருந்து கொண்டுபோய்க் குடியேற்றப்பட்ட சிங்களக் குடும்பங்களுக்கும் 1980களில் இதே கதிதான். கிருமி இனம் பார்ப்பதில்லை, பழக்கத்தைத்தான் பார்க்கிறது.

இன்னொரு விஷயமும் நமது மண்ணோடு சம்பந்தப்பட்டது. ஹக்கலைப் பூங்காவுக்கு எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம், ரோசாப்பூவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறோம். அந்தப் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டது பூவுக்காக அல்ல. சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காக. அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் கொய்னா எடுக்கிறார்கள். கோப்பிச் செடிகளை நோய் தின்று அழித்த பிறகு தோட்டக்காரர்கள் சிங்கோனாவுக்குப் பாய்ந்தார்கள். லூல்கந்துராவில் தேயிலையை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் சிங்கோனா நட்டவர்தான். 1880களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வருடத்துக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேல் பட்டை ஏற்றுமதியானது. சந்தையில் பட்டை குவிந்து விலை விழுந்தது, ஜாவாவில் விளைந்த மரத்தில் கொய்னாவும் அதிகம். உடனே இங்கே சிங்கோனாவைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். ஐம்பது வருடம் கழித்து, அதே மலையின் அடிவாரத்தில் கொய்னாவுக்கு வரிசையில் நின்றார்கள். நட்டதும் பிடுங்கியதும் இங்கிருந்த காய்ச்சலைப் பார்த்துச் செய்ததல்ல, லண்டன் விலையைப் பார்த்துச் செய்தது.

1935க்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1946இலிருந்து நாடெங்கும் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. அடித்தார்கள். 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கு மட்டும்தான் மலேரியா. முடிந்தது என்று நினைத்து மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள். 1969இல் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் வந்தது. இந்த முறை கொஞ்சம் வித்தியாசம். உலர்வலயத்திலும் ஒரு முழுத் தலைமுறை காய்ச்சலைக் காணாமலே வளர்ந்திருந்தது. அப்பன் வழி வந்த சக்தி என்று ஒன்றும் அவர்களைக் காப்பாற்றவில்லை, ஏனென்றால் அந்தச் சக்தி பரம்பரையாக வருவதில்லை. சாவு குறைந்ததற்குக் காரணம், வந்தது பெரும்பாலும் வைவக்ஸ் என்ற மற்ற வகை என்பதும், கையில் குளோரோகுயின் இருந்ததும்.

பரம்பரையாக வருவது வேறொன்று. தலசீமியா. அந்த மரபணுவில் ஒரு பிரதி மட்டும் உள்ளவரின் செங்குழியத்தில் மலேரியாக் கிருமியால் நன்றாகக் காலூன்ற முடியாது. ஆகவே மலேரியா ஊர்களில் அப்படியானவர்கள் பிழைத்துப் பெருகினார்கள். 1949இல் ஹோல்டேன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இந்த யோசனையைச் சொன்னார். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இரண்டு பிரதி வந்தால் பிள்ளை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றிக்கொண்டு வாழ வேண்டும். நாட்டின் பெரிய தலசீமியா நிலையம் குருநாகலில் இருக்கிறது. மலேரியா போய்விட்டது, அது எழுதிவிட்டுப் போனது அங்கே வார்ட்டில் கிடக்கிறது. சொந்தத்துக்குள் கலியாணம் முடிக்கிற வழக்கம் நம்மிடையே இருப்பதால், நிக்காஹ்வுக்கு முன் இருபக்கமும் ஓர் இரத்தச் சோதனை செய்யுங்கள் என்று இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறோம். பதிவின் பாதை கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை.

2012 ஒக்டோபரில்தான் இந்த மண்ணில் கடித்த நுளம்பால் வந்த கடைசி மலேரியா பதிவானது. யுத்தத்துக்கு நடுவிலும் வீடு வீடாகப் போய்க் குருதி எடுத்த மலேரியா தடுப்பு இயக்க ஊழியர்களின் வேலை அது. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. பெருமையான விஷயம். அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். இன்றைக்கு அனுராதபுரத்துக்காரர் உடம்பும் கேகாலைக்காரர் உடம்பும் நுவரெலியாக்காரர் உடம்பும் ஒன்றுதான். இருபது வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் அநேகமாக ஒருவர் குருதியிலும் அந்த ஆயுதம் கிடையாது. 1934 கேகாலையைப் போல இப்போது நாடு முழுவதும் இருக்கிறது. நுளம்போ போகவில்லை. 2016 டிசம்பரில் மன்னாரில் புதிதாக அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இந்திய நகரத்து நுளம்பையும் கண்டுபிடித்தார்கள். அது கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டையிடும். 2018இல் மொனராகலையில் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர் நுளம்பு வழியாக இன்னொருவருக்கு மலேரியா வந்தது. உடனே பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

மடகஸ்கார், மொசாம்பிக், தன்சானியா என்று கல் தேடிப் போகிறவர்களில் நமது சமூகத்துப் பிள்ளைகள் அதிகம். அங்கே இருப்பது பல்சிபாரம். அந்த ஊர் வியாபாரி காய்ச்சலோடு கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவருக்கு ஒன்றுமில்லை, நமக்கும் ஒன்றுமில்லை என்று நினைக்கிறார்கள். அவர் பிள்ளைக் காலத்திலிருந்து கடிபட்டுத் தப்பியவர். நமது பிள்ளை நேற்று விமானத்தில் வந்திறங்கியவன். 2023இல் ஆபிரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவர் நமது நாட்டில் மலேரியாவால் இறந்தார். பல வருடங்களுக்குப் பிறகு நடந்த முதல் சாவு அது. குளிர்காய்ச்சல் என்றால் டெங்கு என்றே முதலில் நினைக்கிற காலம் இது. மலேரியாவைக் கண்ணால் பார்க்காத இளம் டொக்டர்மாரும் இருக்கிறார்கள், அது அவர்களுடைய குற்றமில்லை.

தடுப்பூசி வந்துவிட்டதே என்று ஒருவர் கேட்டார். வந்திருக்கிறது. 2021இல் ஒன்றையும் 2023இல் இன்னொன்றையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கிருமி ஈரலுக்குப் போகுமுன் மறிக்கிற ஊசிகள் அவை. ஆபிரிக்கச் சிறுபிள்ளைகளுக்காக வந்தவை, பயணம் போகிற பெரியவர்களுக்கு அல்ல.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். போவதற்கு முன் மலேரியா தடுப்பு இயக்கத்திடம் போய், எந்த நாட்டுக்கு, எத்தனை நாளுக்கு என்று சொல்லுங்கள். தடுப்பு மாத்திரையை இலவசமாகவே தருவார்கள். சில மாத்திரைகளைப் பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும், திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள்வரை விடாமல் போட வேண்டும். அங்கே நுளம்பு வலைக்குள் தூங்குங்கள். வந்த பிறகு காய்ச்சல் கண்டால், ஒரு மாதம் கழித்துக் கண்டாலும், சில மாதம் கழித்துக் கண்டாலும், டொக்டரிடம் முதல் வார்த்தையாக எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதைச் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. கொத்தமல்லி குடிப்பதானால் அதையும் குடியுங்கள், தொண்டைக்கு நல்லது.